ரத்தம் ஏற 700 ரூபாய் பவுடர் தேவையா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 37 வயது. கொருக்குப்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பில் போடும் வேலை. காலை எட்டு மணிக்கெல்லாம் பஸ் ஏற வேண்டும், வீடு திரும்ப இரவு எட்டு ஆகிவிடும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். போன மாதம் எங்கள் தெருவில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு ஹீமோகுளோபின் 9.2, எட்டாவது படிக்கும் மகளுக்கு 10.4 என்றார்கள். எனக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வயிறு எரிந்தது, மலம் கறுப்பாகப் போனது. பயந்து நிறுத்திவிட்டேன். மாதுளை, பேரீச்சை, பீட்ரூட் ஜூஸ் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், தினமும் வாங்கக் கட்டுப்படியாகாது. பிள்ளைகளுக்காக மாதம் 700 ரூபாய்க்கு ஹெல்த் டிரிங்க் பவுடர் வாங்குகிறேன். மகள் ரேஷன் அரிசியை அள்ளி அள்ளி மென்றுகொண்டே இருக்கிறாள். 'அரிசி தின்னா கல்யாணத்துல மழை வரும்' என்று மாமியார் திட்டினாலும் விடுவதில்லை. குறைந்த செலவில், சீக்கிரம் முடிகிற மாதிரி என்ன சமைத்தால் எங்கள் இருவருக்கும் ரத்தம் ஏறும்?
— வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: வணக்கம் அம்மா. முதலில் உங்கள் மகள். அவள் அரிசி மெல்வதற்காக யாரும் அவளைத் திட்டாதீர்கள். இரும்புச்சத்து குறைந்த உடம்பு இப்படித்தான் எதையாவது தேடும். சிலர் அரிசி, சிலர் சாக்பீஸ், சிலர் விபூதி, சிலர் ஐஸ் கட்டி. அது கெட்ட பழக்கம் இல்லை, நோயின் அறிகுறி. இரும்புச்சத்து உள்ளே போகத் தொடங்கினால் பெரும்பாலும் சில வாரங்களில் அந்த ஆசை தானாக அடங்கிவிடும். உங்கள் மாமியாரிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, நீங்கள் நிறுத்திய மாத்திரை. உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் குறைந்தது 12 இருக்க வேண்டும். 12 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் அதே 12தான். 9.2 என்பதைச் சமையலால் மட்டும் மேலே கொண்டுவர முடியாது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான இரும்பு 29 மில்லிகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தாலே பெரிது. மாதாமாதம் மாதவிலக்கில் போவது வேறு. ஏற்கெனவே விழுந்த பள்ளத்தை மாத்திரைதான் நிரப்பும். மறுபடி பள்ளம் விழாமல் பார்த்துக்கொள்வது சமையலின் வேலை.

மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால் வரும் மாற்றம், அதற்குப் பயப்பட வேண்டாம். வயிறு எரிந்தால் வெறும் வயிற்றில் சாப்பிடாமல், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு விழுங்கினால் நல்லது. பாலோடும் டீயோடும் வேண்டாம். கால்சியம் மாத்திரை ஏதாவது எடுப்பதாக இருந்தால் அதை வேறு வேளைக்கு மாற்றுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா, வேறு வகை மாத்திரைக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஹீமோகுளோபின் 12ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், உடம்பின் இருப்பு நிறைய அவ்வளவு காலம் பிடிக்கும். இன்னொன்று: மாத்திரை அட்டையைச் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து அள்ளிப் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

மகளுக்குப் பள்ளியில் வாரம் ஒருமுறை நீல நிற மாத்திரை கொடுப்பார்கள். அதை வாங்கி விழுங்குகிறாளா, வயிற்றைப் புரட்டுகிறது என்று தூக்கிப் போடுகிறாளா என்று பக்குவமாகக் கேளுங்கள். மதிய உணவுக்குப் பிறகு சாப்பிட்டால் பெரும்பாலும் புரட்டாது. ஆனால் அது ரத்தம் குறையாமல் தடுப்பதற்கான அளவுதான். 10.4 இருக்கும் பெண்ணுக்குச் சிகிச்சை அளவில், தினமும் மருந்து தேவைப்படும். அவளை அருகில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போய்க் காட்டுங்கள். பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள். மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகள் உங்களுக்கும்தான். ஓட்டையை அடைக்காமல் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

சரி, இனி சமையல். புதிதாகச் செலவு வைக்கும் எதையும் நான் சொல்லப்போவதில்லை. பைசா செலவில்லாத மாற்றம்தான் முதலில்: டீ. கடையில் மதியம் டப்பாவை மூடியதும் டீ வந்துவிடும், குடித்துவிட்டு வேலையைத் தொடர்வீர்கள். வேலைக்குப் போகும் பெரும்பாலானவர்களின் வழக்கம் இது. சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போகும் டீ, அந்தச் சாப்பாட்டில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர்வதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். காபியும் குறைக்கும். டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், அல்லது சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நாலு மணி டீ உங்களுக்குப் பாதகமில்லை.

அப்புறம் புளிப்பு. வைட்டமின் சி கூட இருந்தால் அதே கீரையிலிருந்து, அதே பருப்பிலிருந்து கூடுதலான இரும்பு உடம்பில் சேரும். அதற்கு ஆரஞ்சு வாங்க வேண்டியதில்லை. தள்ளுவண்டியில் விற்கும் கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. பெரிய நெல்லிக்காயும் அப்படித்தான். சீசனில் அரைக் கிலோ வாங்கி உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் ஆளுக்கு ஒன்று, சாப்பாட்டோடு கடித்துக்கொள்ளலாம். எலுமிச்சையை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் புளிப்பு மிஞ்சும், வைட்டமின் பெரும்பாலும் போய்விடும்.

மாதுளையும் பீட்ரூட்டும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறார்கள். அந்தச் சிவப்பு வெறும் நிறமிதான். இரும்பு அவற்றில் குறைவு, பேரீச்சையிலும் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஆசைக்குச் சாப்பிடுங்கள், மருந்தாக நினைத்துக் கடன் வாங்கிச் சாப்பிடாதீர்கள். 100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதே எடை மாதுளையில் ஒரு மில்லிகிராம்கூட வராது.

முருங்கைக்கீரையை யார் உட்கார்ந்து ஆய்வது என்பீர்கள். ஆய வேண்டாம். மாலையில் வாங்கிய கட்டைப் பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுற்றி, ஈரம் படாமல் இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் துணியைப் பிரித்துக் காம்பைப் பிடித்து உதறினால் இலையெல்லாம் பொலபொலவென்று கொட்டிவிடும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, பாதியைக் குக்கரில் பருப்பு வெந்ததும் போட்டுக் கிளறுங்கள், ஆவியிலேயே வெந்துவிடும். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் தோசை மாவில் கலந்து ஊற்றலாம், முட்டை உடைத்துப் பொரியலாகவும் கிளறலாம். மிஞ்சினால் நிழலில் காயவைத்து, உளுந்து, எள், மிளகாய் வறுக்கும்போது சேர்த்து இட்லிப் பொடியாக அரைத்துவிடுங்கள். எள்ளிலும் இரும்பு நிறைய உண்டு. கீரை வேண்டாம் என்று முகம் திருப்பும் பிள்ளைகள்கூட இந்தப் பொடிக்கு நல்லெண்ணெய் கேட்பார்கள்.

பருப்பு வகைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போதும். காராமணி, கொண்டைக்கடலை, பாசிப்பயறு எதுவானாலும் முந்தைய இரவே ஊறவைத்தால் பாதி கேஸில் வேகும். ஊறும்போதும் முளைகட்டும்போதும், இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பொருள்கள் குறைவதால் உடம்புக்கும் லாபம். வெந்ததை இரண்டு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் செவ்வாய் வரை வரும். ஒருநாள் சுண்டல், ஒருநாள் கத்தரிக்காயோடு காரக்குழம்பு. ரேஷனில் கார்டுக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை ஒரு மாதமும் விட்டுவிடாதீர்கள்.

ரேஷன் அரிசி பற்றியும் ஒரு வார்த்தை. சில ஆண்டுகளாக அதில் செறிவூட்டப்பட்ட அரிசி, 100 கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் வேறு நிறத்தில் இருப்பதாலும் தண்ணீரில் மிதப்பதாலும் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறார்கள். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்திலேயே செய்தது. உங்கள் வீட்டுக்குத் தேவையான சத்தை நீங்களே குப்பையில் போட்டுவிடாதீர்கள். சோற்றை வடித்தால் கஞ்சியையும் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடியுங்கள். வீட்டில் யாருக்காவது தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சமையுங்கள்.

கூழை மறந்துவிடாதீர்கள். ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும்போது மட்டும் குடிக்கிற பொருள் அல்ல அது. இரவு கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் நொய்யோடு காய்ச்சி ஆறவைத்தால், அடுத்த வேளைக்கு மோர் ஊற்றிக் கரைத்துக்கொள்ள வேண்டியதுதான். கேழ்வரகில் கால்சியம்தான் பிரதானம், இரும்பும் உண்டு, புளிக்க வைப்பதால் அது சேர்வது எளிதாகும். உங்கள் மகளின் வயதில் எலும்புக்கும் இது வேண்டும்.

நீங்கள் அசைவம் சாப்பிடுவீர்களா என்று எழுதவில்லை. சாப்பிடுவீர்கள் என்றால் காசிமேடு பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. வஞ்சிரம் கேட்கும் விலைக்குப் பயந்து திரும்பாதீர்கள். காரப்பொடி, நெத்திலி, மத்தி இவைதான் நம் குடும்பங்களுக்கான மீன். மீனிலும் இறைச்சியிலும் இருக்கும் இரும்பு சுலபமாகச் சேரும், கூடச் சாப்பிடும் கீரையின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது நெத்திலிக் கருவாடும் சென்னாக்குனியும் கை கொடுக்கும். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை கழுவினால் உப்பு குறையும். மாமியாருக்கு ரத்த அழுத்தம் இருந்தால் அவருக்குக் கருவாடு வேண்டாம். ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) விலை அதிகம் என்றால் கோழி ஈரல் வாங்குங்கள். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால் பத்து நிமிட வேலை, மாதம் இரண்டு மூன்று முறை போதும்.

பரணில் இரும்புச் சட்டி இருந்தால் இறக்குங்கள். தக்காளியோ புளியோ சேர்ந்த குழம்பை அதில் வைத்தால் சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு இறங்கும். சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள்.

இனி அந்த 700 ரூபாய். டப்பாவின் பின்பக்கம் இருக்கும் பொருள்களின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் மால்ட்டும் சர்க்கரையும் முதல் சில இடங்களில் இருக்கும். இரும்பும் சேர்த்திருக்கிறோம் என்பார்கள், ஆனால் பாலில் கலந்து குடிக்கும்போது பாலின் கால்சியமே அதைக் குறைக்கும். இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் விற்க வேண்டாம் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. பிள்ளைக்கு எதுவும் குறைந்துவிடக் கூடாது என்று தவிக்கும் தாய்மாரைக் குறிவைத்து வரும் விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. நீங்கள் நாள் முழுக்கப் பில் போட்டுச் சம்பாதித்த பணம் அது. நாளைக்கே நிறுத்தினாலும் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பணத்தில் வாரம் இரண்டு மூன்று நாள் ஆளுக்கு ஒரு முட்டையும், வாரம் இரண்டு நாள் கொய்யாவும், வேர்க்கடலையும் வாங்கலாம். அதில் உங்கள் பங்கையும் எடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அடிச்சட்டியை வழித்துச் சாப்பிடும் பழக்கம் இருந்தால், அதுவும் இந்த 9.2க்கு ஒரு காரணம்.

மாத்திரையைத் தொடங்கி நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் ஒன்று அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும் கூடவில்லை என்றால் தைராய்டு, பி12, தலசீமியா போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும், டாக்டர் அதற்கான பரிசோதனைகளை எழுதித் தருவார். அதற்கு முன்பே படி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, படபடப்பு, நெஞ்சுவலி, கால் வீக்கம் இருந்தாலோ நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வீட்டுக்காரரையும் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்கு 13க்குக் கீழே இருந்தால் உங்கள் மாத்திரையைப் பங்கு போட்டுக் கொடுக்காதீர்கள். ஆண்களுக்கு ரத்தம் குறைந்தால் வயிற்றுப்புண்ணிலிருந்தோ மூலத்திலிருந்தோ கசிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.