பார்வை குறைவான என் தம்பி அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்கிறான். என்னென்ன உதவி கேட்கலாம்? யாரிடம் கேட்பது?

நானும் பார்வைக் குறைபாட்டோடுதான் எம்.ஏ. வரலாறு வரை படித்தேன். சேர்க்கையை நினைத்து ரொம்பக் கவலைப்பட வேண்டாம். தேர்வுக்கான ஏற்பாட்டைத்தான் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இட ஒதுக்கீடு உண்டு. வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. அதற்கு 40 சதவீதக் குறைபாடாவது இருப்பதாகச் சான்று வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யூடிஐடி அட்டை இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள். உதவித்தொகை, பாடத்தை வாசித்துக் காட்டுபவருக்கான வாசிப்பாளர் உதவித்தொகை, பஸ் சலுகை ஆகியவற்றை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒரே நடையில் விசாரித்துவிடலாம்.

இனி தேர்வு. மத்திய சமூகநீதி அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தர வேண்டும். மூன்று மணி நேரத் தாள் என்றால் கூடுதலாக ஒரு மணி நேரம். அதே வழிகாட்டுதல்படி ஸ்கிரைபை, அதாவது நாம் சொல்வதைத் தேர்வில் எழுதித் தருபவரை, நாமே அழைத்து வரலாம், தேர்வு நடத்துபவர்களையே ஏற்பாடு செய்யச் சொல்லியும் கேட்கலாம். நாம் அழைத்து வருபவர் நம்மைவிடக் குறைவான படிப்பில் இருக்க வேண்டும். வரைபடம் போலப் பார்த்துச் செய்யும் கேள்விக்கு மாற்றுக் கேள்வியும் கேட்கலாம். வரலாறு படிப்பவனுக்கு இது முக்கியம். தம்பியின் சான்றில் 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். அந்த ஒரு காரணத்தைச் சொல்லி ஸ்கிரைபை மறுக்க முடியாது என்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது.

விதி இருந்தாலும் அறைக் கண்காணிப்பாளருக்கு அது தெரிந்திருக்காது. எனக்கு ஒரு செமஸ்டரில் மூன்று மணி நேரம் முடிந்ததும் விடைத்தாளை வாங்க வந்துவிட்டார். உத்தரவு நகலைக் காட்டி, அவர் போய் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வருவதற்குள் பத்து நிமிடம் போனது. அதை யாரும் திருப்பித் தரவில்லை. ஆகவே விண்ணப்பத்தைத் துறைத்தலைவர் வழியாகத் தேர்வுப் பிரிவுக்குக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தேர்வன்று காலையிலேயே ஒரு நகலைக் கண்காணிப்பாளரின் மேசையில் வைத்துவிட வேண்டும்.

ஸ்கிரைபோடு பழைய கேள்வித்தாளை வைத்து ஓரிரு மாலை உட்காரச் சொல்லுங்கள். நான் “ராபர்ட் புரூஸ் ஃபூட்” என்று சொல்ல, பி.எஸ்சி. படிக்கும் பையன் “புட்டு” என்று எழுதி வைத்தான். பல்லாவரத்தில் கற்கருவி எடுத்தவர் பாவம், பலகாரமாகிவிட்டார்! அதற்கப்புறம் பெயர்களை எழுத்துக்கூட்டிச் சொல்லவும், பத்தி மாறும்போது “பத்தி” என்று சொல்லவும், கடைசி வரியைப் படித்துக் காட்டச் சொல்லவும் பழகினேன். கேள்வித்தாள் முழுவதையும் முதலில் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

பாடக்குறிப்புகள் இன்னொரு தலைவலி. கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் படிக்கும். ஆனால் சில பேராசிரியர்கள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பைத் தருவார்கள். திரையில் அழகான தமிழ். காதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த உளறல்! யூனிகோடில் கேளுங்கள், இல்லையென்றால் பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் பெரும்பாலும் எழுத்தாக வந்துவிடும். எழுத்துப் பிழைகள் கொஞ்சம் இருக்கும், சகித்துக்கொள்ளலாம்.

யாரிடம் கேட்பது என்றீர்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உதவும் சம வாய்ப்பு மையம் கல்லூரியில் இருந்தால் அங்கே தொடங்குங்கள்; சில கல்லூரிகளில் அது பெயர்ப்பலகை மட்டும்தான், அப்போது நேரே முதல்வரிடம் போங்கள். அதுவும் நகரவில்லை என்றால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். விண்ணப்பங்களில் தம்பியே கையெழுத்துப் போடட்டும், அலுவலகங்களுக்கும் அவனே போகட்டும். முதல் இரண்டு முறை நீங்கள் கூடப் போனால் போதும்.