பெங்களூர் எருமைக்கறியும் ஸ்லோ குக்கரும்

தம்பி, நாகர்கோவிலிலிருந்து வேலைக்காகப் பெங்களூர் வந்த கையோடு கேட்டிருக்கிறீர்கள்: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தந்த ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் கரண்ட் பாத்திரம்) பீஃப் ரோஸ்ட் செய்ய முடியுமா, கறி எங்கே வாங்குவது, சமையலே புதிது என்று. தாராளமாக முடியும். முதலில் குக்கரைக் கவிழ்த்து அடியில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 120 வோல்ட் என்றிருந்தால் நேராக பிளக்கில் சொருகாதீர்கள். இங்கே வருவது 230 வோல்ட், எரிந்துபோகும். அதன் வாட் அளவைக் குறித்துக்கொண்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய், அதைத் தாங்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் (230 வோல்ட்டை 120 ஆகக் குறைத்துத் தருவது) கேளுங்கள்.

கறிக்கு சிவாஜிநகர், ரசல் மார்க்கெட் பக்கம் போங்கள். தமிழிலேயே பேசி வாங்கலாம். கர்நாடகத்தில் 2021இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பசு, காளை, எருது, கன்று எதையும் வெட்டக் கூடாது. 13 வயது தாண்டிய எருமையை மட்டும் அனுமதி பெற்று வெட்டலாம். அதனால் இங்கே பீஃப் என்று கேட்டால் கிடைப்பது வயதான எருமையின் கறி. ஊரிலிருந்து பஸ்ஸில் கறி கொண்டுவரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், வழியில் வீண் வம்பு.

நீங்கள் பார்க்கும் அமெரிக்கச் சமையல் குறிப்புகள் இரண்டு வயதை ஒட்டிய மாட்டுக்காக எழுதப்பட்டவை. அந்த நேரக் கணக்கு நம் எருமைக்குப் பொருந்தாது. அதோடு பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். குறிப்பில் எட்டு மணி நேரம் என்றிருந்தால் பத்து மணி நேரம் ஒதுக்குங்கள்.

கடைக்காரரிடம் முன்சப்பை, அதாவது முன்னங்காலின் தோள்பட்டைக் கறி, கேளுங்கள். ஜவ்வு ஓடும் கறிதான் வேண்டும். பார்க்க அழகாக, கொழுப்பே இல்லாமல் இருக்கும் துண்டு மெதுவாக வேகும்போது சக்கையாகிவிடும். ஜவ்வுள்ள துண்டில் 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் இருந்தால் அந்த ஜவ்வு கரைந்து பசையாகி, நாரையெல்லாம் நெகிழ்த்திவிடும். இந்தக் கறிக்கு ஸ்லோ குக்கரைப் போல் ஒத்துப்போகும் பாத்திரம் வேறில்லை என்பேன். ஒரு கிலோவை இரண்டு மூன்று பெரிய துண்டாக வாங்குங்கள், சின்னதாக வெட்டவிட வேண்டாம்.

சரி, சமையல். கறியைத் துணியால் ஈரம் போக ஒற்றி, உப்பு, மஞ்சள்தூள், மிளகுத்தூள் தடவி, இரும்புக் கடாயில் எண்ணெய் காய்ந்ததும் எல்லாப் பக்கமும் நன்றாகச் சிவக்க விடுங்கள். ஸ்லோ குக்கர் கறியை வேகவைக்குமே தவிர சிவக்க வைக்காது, ரோஸ்ட்டின் மணம் முழுக்கக் கடாயில்தான் பிறக்கிறது. அப்புறம் குக்கரின் அடியில் உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம். கிழங்கு கறியைவிட மெதுவாக வேகும், அதனால் சூடு படும் இடத்தில் இருக்கட்டும். மேலே கறி, தட்டிய இஞ்சி பூண்டு, பட்டை, கிராம்பு, முக்கால் கப் வெந்நீர். ஆவி வெளியே போகாது, கறியும் தண்ணீர் விடும். அதற்கு மேல் ஊற்றினால் குழம்பாகிவிடும். ‘லோ’வில் வைத்து மூடிவிடுங்கள். இடையில் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை மூடியைத் தூக்கும்போதும் இருபது நிமிடச் சூடு போய்விடும்.

ஃப்ரீசரில் இருந்த கறியை முழுவதும் இளகாமல் போடவே கூடாது. நடுப்பகுதி சூடேறுவதற்குள் கிருமி பெருகும். முதல் தடவை வீட்டில் இருக்கும் நாளில் செய்யுங்கள். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது கரண்ட் போய் வந்தால், எவ்வளவு நேரம் ஆறிக் கிடந்தது என்று தெரியாது. அப்படிப்பட்ட கறியை மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். இதே குக்கரில் என்றைக்காவது ராஜ்மா போட நினைத்தால், ஊறவைத்து, அடுப்பில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே போடுங்கள். பச்சை ராஜ்மாவில் உள்ள நச்சு ஸ்லோ குக்கர் சூட்டில் போகாது.

முள்கரண்டி குத்தித் திருப்பினால் கறி பிரிய வேண்டும். பிரியாவிட்டால் இன்னும் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். உங்கள் ஊர் ருசி வேண்டுமென்றால், கடாயில் தேங்காய் எண்ணெய் விட்டு தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, சோம்பு, மிளகு தாளித்து, துண்டுகளைப் போட்டு, குக்கரில் இறங்கியிருக்கும் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சுண்டவிடுங்கள்.

வாடகை வீடு என்றால் ஓனரிடம் அசைவம் சமைப்போம் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இங்கே பல வீடுகளில் சைவம் மட்டும் என்ற நிபந்தனை உண்டு. மறைத்துச் சமைத்துப் பயந்துகொண்டே சாப்பிடும் நிலை உங்களுக்கு வேண்டாம். மீந்த சாற்றை ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே உறைந்த கொழுப்பை வழித்துவிட்டுச் சூடாக்கினால் தோசைக்கு அருமையாக இருக்கும்.