முதலாளியின் கண்ணீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு விளம்பர நிறுவனத்தில் எழுத்துப் பணியில் இருக்கிறேன். நடுத்தரத் தொழில்களின் உரிமையாளர்களுக்காக, மனத்தைத் தொடும் விளம்பர வரிசை ஒன்றை ஒரு வங்கி கேட்டிருக்கிறது. ஒற்றை இயந்திரத்தோடு தொடங்கியவர் பெரிய ஆலையைத் திறந்துவைத்துக் கண்கலங்குவதாகக் கதை எழுதியிருக்கிறேன். பெருமிதம், நன்றி, கனவு ஆகியவற்றில் எதை முன்வைப்பது? படம் 30 நொடியா, 60 நொடியா? பிரபல நடிகர் தேவையா?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தொழில் நடத்துகிறவரின் தனிமையைப் பற்றி எழுத நினைத்திருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. நொடிக்கணக்கைப் படத்தொகுப்பாளர் பார்த்துக்கொள்வார். நடிகர் வேண்டாம்.

என் சித்தப்பா உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றை நடத்தினார். சம்பள நாளுக்கு முந்தைய மாலையில், வரவேண்டிய பாக்கிகளை நீளமான கணக்கேட்டில் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைப்பார். குரலில் அப்படியோர் உற்சாகம் இருக்கும். எதிர்முனையில் இருப்பவரின் பேரக்குழந்தையை விசாரித்த பிறகே பில்லுக்கு வருவார். பேசி முடித்ததும் சில பெயர்களுக்கு எதிரே சிறு புள்ளி வைப்பார். இந்த வாரம் பணம் வராது என்பது அதன் பொருள். புள்ளிகள் மிகுந்த மாதங்கள் பெரும்பாலும் பெரிய ஆர்டர்கள் கிடைத்த மாதங்களாகவே இருந்தன. மூலப்பொருளுக்கும் கூலிக்கும் முதலிலேயே பணம் போய்விடும், சரக்கை வாங்கியவரோ 60 நாளோ 90 நாளோ கழித்துத்தான் கொடுப்பார் என்பதால், ஏட்டில் லாபம் ஏறிக்கொண்டிருக்கும்போதே கையில் காசு இல்லாமல் போகும். திறப்பு விழாவில் அழுகிற உங்கள் முதலாளிக்கு இந்த மாலை தெரியுமா? அவரைப் படைத்த உங்களுக்குத் தெரியாது என்பது கதையிலேயே தெரிகிறது.

உணர்ச்சி விளம்பரம் வீண் என்று நான் சொல்லவில்லை. விளம்பரச் செலவில் சுமார் 60 விழுக்காட்டைப் பெயரை வளர்ப்பதற்கும் 40 விழுக்காட்டை உடனடி விற்பனைக்கும் ஒதுக்கலாம் என்று விளம்பர ஆய்வாளர்கள் லெஸ் பினெட்டும் பீட்டர் ஃபீல்டும் 2013-ல் எழுதினார்கள்; தொழில் நிறுவனங்களுக்கு விற்பவர்களைப் பற்றிய பின்னாளைய ஆய்வில் அந்த விகிதம் ஏறத்தாழச் சரிபாதியானது. உங்கள் பார்வையாளர் படத்தில் நெகிழ்ந்தாலும் வங்கியின் கடன் படிவத்தையும் வாசிப்பவர் என்பதை மறக்காதீர்கள்.

அந்தப் படிவத்தோடுதான் என் வழக்கு. வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனத்தைத் தொடங்குவதே, தொழில் நொடித்தாலும் வீடு மிஞ்ச வேண்டும் என்பதற்காக. சட்டம் கொடுத்த அந்தப் பாதுகாப்பை, கடன் கொடுக்கும்போது கேட்கப்படும் சொந்த உத்தரவாதம், அதாவது நிறுவனம் கட்டாவிட்டால் நானே கட்டுவேன் என்ற வாக்குறுதி, ஒரே கையெழுத்தில் நீக்கிவிடுகிறது. வங்கியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. கைவிட்டுப் போகக்கூடியவரை நம்பி யாரும் கடன் கொடுப்பதில்லை. ஆனால் கையெழுத்திட்ட மனிதர் வீட்டுக்குப் போய், அதைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டு எழுகிறார். அதே வீட்டின் முற்றத்தில் மனைவியையும் குழந்தைகளையும் சிரிக்கவைத்து, ‘உங்கள் கனவுக்கு நாங்கள் துணை’ என்று விளம்பரம் எடுத்தால், அவருக்கு எப்படி இருக்கும்?

உங்களிடம் திறமை இருக்கிறது. ஒற்றை இயந்திரத்தின் சத்தத்தை நீங்கள் விவரித்திருந்த விதம் எனக்குப் பிடித்தது. அந்தக் காதோடு தொழில் நடத்துகிற சிலரிடம் சம்பள வாரத்தில் போய் உட்காருங்கள். பிறகு வங்கிக்காரர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஓவர் டிராஃப்ட் வரம்பை, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் அளவைக் கூட்டக் கேட்டவருக்கு எத்தனை நாளில் பதில் சொல்கிறீர்கள்? கடன் ஒழுங்காக அடைந்துவரும்போது சொந்த உத்தரவாதத்தை எப்போது விடுவிப்பீர்கள்? சொல்லத்தக்க பதில் அவர்களிடம் இருந்தால் அதையே படமாக எடுங்கள். இல்லையென்றால் வட்டி விகிதத்தையும் கிளையின் தொலைபேசி எண்ணையும் போட்டு, கண்ணீர் இல்லாமல் முடித்துவிடுங்கள்.