விடுபட்ட ஆண்டுகளின் வாடகை உயர்வைச் சேர்த்துக் கேட்கலாமா?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வாடகை மாறாமல் குடியிருக்கிறோம். ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்த்தச் சட்டத்தில் இடமிருந்தும் தாம் உயர்த்தவில்லை என்றும், ஆகவே மூன்றாண்டுக்கும் சேர்த்து 12.5 விழுக்காடு கூட்டித் தர வேண்டும் என்றும் வீட்டு உரிமையாளர் சொல்கிறார். இது செல்லுமா?

பதில்: உங்கள் வீடு எந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும். வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு விதித்துள்ள ஊர்கள்கூட, விடுபட்ட உயர்வைப் பற்றி ஒரே முடிவுக்கு வரவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஓராண்டில் உயர்த்தாமல் விட்ட உரிமையாளர் அதை அடுத்த ஆண்டின் வரம்போடு சேர்த்துக் கேட்க முடியாது. அந்த ஆண்டோடு அது போய்விடுகிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலோ, வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளில் விடுபட்ட உயர்வுகளைச் சேமித்து வைத்துப் பின்னர் விதிக்கலாம். ஆனால் சேமித்த விழுக்காடுகளை வெறுமனே கூட்ட வேண்டுமேயன்றி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கக் கூடாது.

உங்கள் உரிமையாளரின் கணக்கில் நான் ஐயுறுவதும் இந்த இடத்தைத்தான். 4 விழுக்காட்டை மூன்று முறை கூட்டினால் 12தான் வரும். கூட்டுவட்டியைப் போல் உயர்வின்மேல் உயர்வு வைத்தால்தான் 12.5 என்ற எண் கிடைக்கும். உயர்த்தவே இல்லை என்று சொல்லிக்கொண்டு, உயர்த்தியதுபோல் அதன்மேலும் உயர்வு கேட்பது எந்தச் சட்டப்பிரிவின்படி என்று அவரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

ஆண்டு வரம்பை விடுத்துப் பல ஆண்டுகளின் மொத்தத்துக்கு வரம்பு வைப்பது இன்னொரு வழி. ஜெர்மனியில், நடப்பு ஒப்பந்தத்தின் வாடகையை அப்பகுதியில் அதுபோன்ற வீடுகளுக்கு நிலவும் வாடகை அளவுக்கு உயர்த்தும்போது, மூன்று ஆண்டுகளில் மொத்தம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வீட்டுத் தட்டுப்பாடு மிகுந்தவையாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் இவ்வரம்பு 15 விழுக்காடு. அத்தகைய சட்டம் உள்ள இடத்தில் 12.5 விழுக்காடு வரம்புக்குள் அடங்கிவிடக்கூடும். ஆனாலும் உரிமையாளர் காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டாக வேண்டும். குடியிருப்பவரின் ஒப்புதலும் தேவை. ஒப்புதல் கிடைக்காவிட்டால் உரிமையாளர் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

உங்கள் ஒப்பந்தத்தில் உயர்வைப் பற்றித் தனி விதி உள்ளதா, அறிவிப்புக்கு எவ்வளவு காலம் தர வேண்டும் என்பவற்றையும் பாருங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 90 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். புதிய கட்டடங்களுக்கு வரம்பிலிருந்து விலக்கு அளிக்கும் சட்டங்களும் உண்டு என்பதால், உங்கள் வீட்டின் வயதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

இவை தெளிவாகும்வரை பழைய வாடகையைத் தவணை தவறாமல், ரசீதோ வங்கிப் பதிவோ இருக்கும்படி செலுத்துங்கள். வாடகையையே நிறுத்திவைத்தால் வழக்கு உங்கள்மேல் திரும்பிவிடும். கேட்ட தொகையை வாய்பேசாமல் கொடுத்துவரவும் வேண்டாம். சில மாதங்கள் அப்படிக் கொடுத்தாலே, நீங்கள் உயர்வுக்கு ஒப்புக்கொண்டதாக நீதிமன்றம் கொள்ள வாய்ப்புண்டு.