டுவெமர் இனம் அழிந்தது நியாயமான தண்டனையா?

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற வீடியோ கேம் தொடரின் கதையுலகில், முதல் யுகம் 700-இல், ரெட் மவுண்டன் போரின்போது, இயந்திரக் கலையில் தேர்ந்த டுவெமர் என்னும் எல்ஃப் இனமே ஒரே கணத்தில் மறைந்துபோனது. அது அவர்களுக்குத் தகுந்த தண்டனையா என்பதே கேள்வி. இதில் பலரும் இரண்டு குற்றங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, ஸ்னோ எல்ஃப் என்ற இன்னொரு இனத்துக்கு டுவெமர் செய்த துரோகம். அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு நச்சுக் காளானை ஊட்டிக் குருடாக்கி அடிமைகளாக்கினார்கள். இன்றைய ஃபால்மர்கள் அவர்களின் வழிவந்தவர்களே. இதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது. ஆனால் டுவெமர் மறைந்தது இதனால் அல்ல.

காரணம் இரண்டாவது குற்றம்: லோர்கான் என்ற இறந்த கடவுளின் இதயத்தைத் தொட்டது. சண்டர், கீனிங், ரெய்த்கார்டு என்னும் மூன்று கருவிகளால் அதன் ஆற்றலைக் கறந்து நூமிடியம் என்ற இயந்திரக் கடவுளை உருவாக்க முயன்றார் டுவெமர் தலைமைப் பொறியாளர் ககிரெனாக். போரில் தோல்வி நெருங்கியபோது அவரே கருவிகளை இதயத்தின் மீது திருப்பினார் என்பது, எதிரணியில் இருந்து பின்னர் கடவுளான விவெக் தரும் வரலாறு. இன்னொரு வரலாறோ, அசூரா என்ற தெய்வம் வழிகாட்ட எதிரணித் தலைவர் நெரெவார்தான் அவற்றைப் பயன்படுத்தினார் என்கிறது. முன்னது விபத்து, பின்னது படுகொலை. தீர்ப்பே இதனால் தலைகீழாகிவிடும்.

இத்தொடரின் மோரோவிண்ட் விளையாட்டில், டெல் ஃபிர் கோபுரத்துக்கு அடியில் நோயாளிகளை வைத்திருக்கும் கார்ப்ரஸேரியத்துக்குப் போய் யாக்ரம் பகார்னிடம் அவசியம் பேசுங்கள். சம்பவத்தின்போது வேற்றுலகில் இருந்ததால் தப்பிய டுவெமர் அவர். இதயத்தைத் தொடுவது ஆபத்தா என்று டுவெமர்களுக்குள்ளேயே கருத்து மோதல் இருந்தது அங்கே தெரியவரும். எதிர்த்தவர்களும் குழந்தைகளும் சேர்ந்தே மறைந்தார்கள். அதைத் தண்டனை என்று சொல்ல என்னால் முடியாது.