தினமும் சாவகாசமாக ஒரு வாய் குடிக்க எந்த போர்ட் ஒயின் நல்லது? வேறு என்னவெல்லாம் குடிக்கலாம்?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். ஆனால் ஏற்கெனவே வந்திருக்கும் ஒரு பதிலில், போர்ட் என்றால் விண்டேஜ் (ஒரே வருஷத்து ஒயினைப் பாட்டிலுக்குள் முதிரவிடுவது) தான், மற்றதெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதே பேச்சை நம்பி ஒருகாலத்தில் பணத்தைத் தொலைத்தவள் நான். பொறுக்கவில்லை.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். யாரோ விமான நிலையத்தில் வாங்கிவந்து கொடுத்த பாட்டிலைக் குடித்துப் பார்த்திருக்கிறீர்கள், பிடித்துவிட்டது, அடுத்து எதை வாங்குவது என்று தெரியவில்லை. ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் டானி, அதாவது மரப்பீப்பாயில் முதிர்ந்த போர்ட், வாங்குங்கள். 'ரிசர்வ்' என்று போட்ட டானி போதும். கையில் காசு கொஞ்சம் புரண்டால் 10 வருட டானி. ஃபிரிட்ஜில் வைத்து, சின்னக் கிளாஸில் ஊற்றி, மெதுவாகக் குடியுங்கள். இனி வருவதெல்லாம் என் கதை. அவசரக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. "ஒரு பொம்பளை இதையெல்லாம் எழுதலாமா" என்று வரப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பெரியப்பாவைக் குடிக்குப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. குடி என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். போர்ட்டில் ஆல்கஹால் ஏறக்குறைய 20 சதவீதம். 60 மில்லி போர்ட் குடிப்பதும் நம் ஊர் பிராந்தி 30 மில்லி குடிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இனிப்பில் அது உறைக்காது, அங்கேதான் வம்பு. லிட்டருக்கு 100 கிராம் அளவில் சர்க்கரை வேறு இருக்கிறது. அதனால் நீங்கள் 'நல்லது' என்று கேட்டதை ருசிக்கு என்று எடுத்துக்கொள்கிறேன், உடம்புக்கு என்று இல்லை. 'தினமும்' என்பதையும் வாரத்துக்கு இரண்டு நாள் என்று திருத்திக்கொள்கிறேன். சரி, கதைக்கு வருவோம்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. 2015இல் ஆராய்ச்சிப் படிப்புக்காக போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்துக்கு வந்தேன். பொன்ஃபிம் பகுதியில் ஒரு பாட்டி வீட்டில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. அதுவரை எனக்குத் தெரிந்த ஒயின் என்றால் அத்தை கிறிஸ்துமஸுக்குப் போடுவதுதான். கறுப்புத் திராட்சை, சீனி, கிராம்பு, பட்டை எல்லாம் போட்டு ஊறுகாய் பரணியின் வாயைத் துணியால் கட்டிவைப்பார். எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தம்ளரில் அடியில் ஒட்டுகிற அளவு கிடைக்கும்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாட்டி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "மெனினா" என்றுதான் கூப்பிடுவார், 'பிள்ளே' என்கிற மாதிரி. ஃபிரிட்ஜ் கதவில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். ஃபெரெய்ரா கம்பெனியின் 'தோனா அந்தோனியா' ரிசர்வ் டானி. சின்னக் கிளாஸில் பாதி ஊற்றி, உப்புப் போட்டு வறுத்த பாதாம் ஒரு தட்டில் வைத்தார். நிறம் சிவப்பும் இல்லை, தேனும் இல்லை, நடுவில் ஒன்று. முதல் வாயில் எனக்கு உடன்குடிக் கருப்பட்டி ஞாபகம் வந்தது. சத்தியமாக. அப்புறம் காய்ந்த அத்தி, வால்நட், கடைசியில் தொண்டையில் ஒரு சின்னச் சூடு.

அது எப்படி அந்த ருசி என்று கேட்டதற்கு, "பீப்பா" என்றார். நான் விழித்தேன். அவர் கையால் வட்டம் போட்டுக் காட்டியதும்தான் புரிந்தது, நம்ம பீப்பாய்! சொல்லே அங்கிருந்து நம் கடற்கரைக்கு வந்ததுதான். அன்று ராத்திரி ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டிச் சோதித்தோம். சாவிக்கு 'ஷாவ்', ஜன்னலுக்கு 'ஜனெலா', மேசைக்கு 'மேசா', கையிலிருந்த கோப்பைக்கு 'கோப்பு'. பாட்டிக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு இரண்டாவது அரை கிளாஸ் கிடைத்தது.

தெரியாதவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர்ட்டுக்கான திராட்சை, போர்ட்டோவுக்குக் கிழக்கே டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளைகிறது. இந்தப் பகுதிக்கு 1756லேயே எல்லை வகுத்துவிட்டார்கள். சாறு நுரைத்துப் பொங்கிக்கொண்டிருக்கும்போதே, சர்க்கரை பாதி மிச்சம் இருக்கையில், 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், இனிப்பு அப்படியே நின்றுவிடும். பிறகு பெரிய தொட்டியில் காற்று அதிகம் படாமல் வைத்தால் ரூபி: சிவப்பு, பழ வாசனை. சின்னப் பீப்பாயில் வருஷக்கணக்காக மரத்தின் வழியே மூச்சுவிட்டால் டானி. விண்டேஜ் என்பது ஒரே நல்ல வருஷத்து ஒயினை இரண்டு மூன்று வருஷத்துக்குள் பாட்டிலில் அடைத்து, மிச்ச முதிர்ச்சியைப் பாட்டிலுக்குள்ளேயே விடுவது.

லேபிளில் இருந்த தோனா அந்தோனியா உண்மையான பெண்மணி. 1811இல் பிறந்தவர், விதவையான பிறகு டோரு பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாக வளைத்து வியாபாரத்தை நடத்தியவர். 1861இல் ஆற்றில் படகு கவிழ்ந்தபோது கூட வந்த போர்ட் வியாபாரி ஃபாரஸ்டர் பிரபு மூழ்கிப்போனார். இடுப்பில் கட்டியிருந்த பணப்பை அவரை இழுத்துக்கொண்டது, அந்தோனியாவை அவருடைய குடைப்பாவாடை மிதக்கவைத்தது என்று இங்கே சொல்வார்கள். பாட்டி ஒவ்வொரு தடவையும் முதல் முறை சொல்வது போலவே சொல்வார்.

இப்போது என் முட்டாள்தனம். 2016இல் கொஞ்சம் பணம் சேர்ந்தது. ஆற்றுக்கு அக்கரையில் காயாவில்தான் போர்ட் கிடங்குகள் எல்லாம் இருக்கின்றன. அங்கே ஒரு கடைக்காரர் சுற்றுலாப் பயணிகளிடம் பேசுவதைக் கேட்டு மயங்கி, 2011 விண்டேஜ் ஒன்று வாங்கினேன். 2011 பெயர்போன வருஷம்தான், பொய்யில்லை. நான் செய்ததுதான் தப்பு. அதை அடுப்புக்கு மேலே அலமாரியில் நட்டமாக நிறுத்தி வைத்தேன், அழகாக இருக்கும் என்று. மூன்று வருஷம்.

2019இல் அண்ணனும் மதினியும் வந்தார்கள். பாட்டிலை அவர்கள் முன்னால் இறக்கி, பெருமையாகத் தக்கையைத் திருகினேன். காய்ந்துபோயிருந்த தக்கை பாதியில் ஒடிந்தது. மீதியை உள்ளே தள்ளிவிட்டேன். வடிகட்ட வேண்டும் என்பதே தெரியாமல் அப்படியே கவிழ்த்து ஊற்றினேன். மதினியின் கிளாஸில் டிகாஷன் மண்டி போல ஒரு விரற்கடை வண்டல். அண்ணன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "என்னட்டி இது, இருமல் மருந்து கணக்கா இருக்கு?" என்றான். அடுத்த ரவுண்டில் பெப்சி ஊற்றிக்கொண்டான். மிச்சம் பாதிப் பாட்டிலை எடுத்துவைத்து மூன்று வாரம் கழித்துக் குடித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. விண்டேஜைத் திறந்தால் ஓரிரு நாளில் காலி செய்துவிட வேண்டும் என்று பாட்டி அப்புறம்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே.

அதனால்தான் சொல்கிறேன், சாதாரண நாளுக்கு விண்டேஜ் வேண்டாம். விண்டேஜ் மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆறு பேர் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் தீர்க்கிற சாமான் அது. டானி ஏற்கெனவே காற்றோடு பழகியது. திறந்த பிறகும் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். ரூபி ஓரிரு வாரம். கடையில் குழம்பினால் தக்கையைப் பாருங்கள். மேலே பிளாஸ்டிக் மூடி ஒட்டிய, கையால் இழுத்துத் திறக்கிற தக்கை என்றால் இன்றைக்கே குடிக்கலாம், நட்டமாக வைக்கலாம். தக்கைத் திருகி வேண்டும் என்றால் அநேகமாகப் படுக்கவைக்க வேண்டிய சாதி. ரூபிதான் பிடிக்கும் என்பவர்களுக்கு கிரஹாம்ஸ் 'சிக்ஸ் கிரேப்ஸ்', ஃபொன்சேகா 'பின் 27' இரண்டும் நன்றாக இருக்கும். கறுப்புச் சாக்லேட்டோடு சேர்த்தால் ரூபி ஜெயித்துவிடும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

டானிக்கு என்ன சேர்க்கலாம் என்றால் எங்கள் ஊர் மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும்தானே. ஊருக்குப் போய்வரும்போது ஒரு டப்பா கொண்டுவருவேன். "இனிப்பு ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே பாட்டி நான்கு எடுப்பார்.

அந்த வீடு இப்போது இல்லை. கட்டடத்தை விற்றுவிட்டார்கள், வாங்கினவர்கள் அறை அறையாகப் பிரித்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். நாற்பது வருஷம் வாடகைக்கு இருந்து, ஓர் அறையை எனக்கு உள்வாடகைக்கு விட்டிருந்த பாட்டி மகள் வீட்டுக்குப் போனார். நான் சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுத்து, ஊருக்கு வெளியே மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சமையலறையில் யாரோ இப்போது சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டிருப்பார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். போர்ட்டோ அழகான ஊர், வரட்டுமா என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

மற்ற பானங்கள். வெயில் காலத்தில் வெள்ளைப் போர்ட் ஒரு பங்கு, டானிக் தண்ணீர் இரண்டு பங்கு, நிறைய ஐஸ், ஒரு எலுமிச்சை வட்டம். போர்ட்டே பிடிக்காது என்கிறவர்களும் இதைக் குடிப்பார்கள். போர்ச்சுகலின் மதெய்ரா தீவு ஒயின் திறந்து பல மாதம் ஆனாலும் கெடாது, ஏனென்றால் தயாரிக்கும்போதே அதைச் சூடுகாட்டிப் பாடாய்ப் படுத்திவிடுகிறார்கள். தனியாக இருக்கிறவர்களுக்கு ஏற்றது. லிஸ்பன் பக்கம் போனால் ஜின்ஜா, புளிப்புச் செர்ரியை ஊறவைத்த சின்னக் கிளாஸ் மது, செர்ரியோடு வேண்டுமா இல்லாமலா என்று கேட்பார்கள். எனக்கு அது ஒரு கிளாஸோடு சரி. பீர் என்றால் போர்ட்டோவில் 'ஃபினோ' என்று கேளுங்கள், லிஸ்பனில் அதையே 'இம்பெரியல்' என்பார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் இதற்காகச் சண்டை போடுவார்கள்.

மது வேண்டாத ராத்திரிக்கு 'கரியோக்கா தெ லிமாவ்' இருக்கிறது. எலுமிச்சைத் தோலை மட்டும் சுருளாகச் சீவி, காபிக் கோப்பையில் போட்டு, வெந்நீர் ஊற்றுவது. அவ்வளவுதான். டாக்டர் தடுத்துவிட்டதால் பாட்டி இப்போது அதைத்தான் குடிக்கிறார். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். கோப்பையில் வேண்டாமாம். ஆறவைத்து, பழைய டானி கிளாஸில் பாதி ஊற்றிக் கொடுக்க வேண்டும், பாதாமோடு.