மூன்று முகங்களும் உங்களுடையவைதான்

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தில் கணக்காளர். வேறு பெயரில் இன்ஸ்டாகிராமில் கவிதை எழுதிவருகிறேன். அதில் என் பெயரோ படமோ இல்லை. ஆனாலும் உடன் வேலை பார்க்கும் ஒருவருக்கு, பின்தொடரலாமே என்று அந்தக் கணக்கையே செயலி பரிந்துரைத்திருக்கிறது. படித்துப் பார்த்து நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். இப்போது அலுவலகம் முழுக்கத் தெரியும். லிங்க்ட்இன்னில் ஒரு முகம், குடும்பத்தார் இருக்கும் ஃபேஸ்புக்கில் ஒரு முகம், கவிதையில் இன்னொன்று என்று போலியாக வாழ்கிறேனோ என்று உறுத்துகிறது. கணக்கை அழித்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அழிக்காதீர்கள். அழிக்கச் சொல்லி 30 நாள் கடந்துவிட்டால் கவிதைகள் திரும்பக் கிடைக்காது. நீங்கள் விட்ட பயனர் பெயரை வேறு யாரேனும் எடுத்துக்கொள்ளவும் வழியுண்டு. அதேசமயம், பிறர் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் அப்படியே இருக்கும். மனம் அமைதியாகக் கொஞ்ச நாள் வேண்டுமென்றால் கணக்கைத் தற்காலிகமாக முடக்கி வையுங்கள்.

போலி என்ற உறுத்தலுக்கு வருவோம். மேலாளரிடம் பேசுவதுபோல் தங்கையிடம் யாரும் பேசுவதில்லை. ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ப மனிதர்கள் தங்களை வெவ்வேறு விதமாக முன்வைப்பதை எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1950-களிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். நேர்வாழ்வில் அந்த இடங்களுக்கு நடுவே சுவர் இருக்கிறது. இணையத்தில் மேலாளர், தங்கை, முன்பின் தெரியாதவர் எல்லோரும் ஒரே கூடத்தில் நிற்கிறார்கள். உங்களுக்கு நேர்ந்ததும் இதுதான். இதில் உங்கள் நேர்மைக்கு ஒரு குறையும் இல்லை.

போலி எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறோம். மூன்று பக்கங்களையும் ஒரே ஆள் அருகருகே வைத்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லையென்றால் பரவாயில்லை. ஒன்று சொல்வதை இன்னொன்று பொய்யாக்கினால்தான் தவறு. வயதைச் சொல்லாமல் விடலாம், குறைத்துச் சொல்லக் கூடாது. பெறாத பட்டம், அடுத்தவர் புகைப்படம், விலைக்கு வாங்கிய ஃபாலோயர்கள், தன் கவிதையைத் தானே வேறு பெயரில் பாராட்டுவது இவையெல்லாம் ஏமாற்று. புனைபெயர் அந்தப் பட்டியலில் வராது.

இனி, எப்படிக் கசிந்திருக்கும்? பெரும்பாலும் தொலைபேசி எண் வழியாகத்தான். கவிதைக் கணக்கை உங்கள் வழக்கமான எண்ணில் தொடங்கியிருப்பீர்கள். அந்த எண் சக ஊழியரின் போனில் இருக்கிறது. அவர் தன் காண்டாக்ட்ஸ் பட்டியலைச் செயலியில் ஏற்ற அனுமதித்திருந்தால், செயலி இரண்டையும் பொருத்திவிடும். நீங்கள் உங்கள் போனில் அனுமதியை நிறுத்தினாலும் பாதிக் கதவுதான் மூடும்; மறுபாதி அவர் கையில். ஆகவே கணக்கிலிருந்து எண்ணையே எடுப்பதுதான் தீர்வு.

இதில் வரிசை முக்கியம். முதலில் புனைபெயருக்கென்று ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். அந்த முகவரியில் உங்கள் சொந்தப் பெயரின் ஓரெழுத்துகூட வேண்டாம், ஏனென்றால் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால் முகவரியின் சில எழுத்துகள் திரையில் தெரியக்கூடும். அதைக் கணக்கில் சேர்த்து உறுதிசெய்யுங்கள். அடுத்து, கடவுச்சொல்லோடு ஒரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை எஸ்எம்எஸ்-ஸிலிருந்து, அந்தக் குறியீட்டைப் போனிலேயே உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாற்றி, அது கைவசம் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் எண்ணை நீக்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே நீக்கினால், உள்ளே நுழைய வழியில்லாமல் கணக்கையே இழக்க நேரிடும்.

பிறகு காண்டாக்ட்ஸ் ஏற்றுவதை நிறுத்துங்கள். ஏற்கெனவே ஏறியதையும் அழியுங்கள். போனின் அமைப்புகளுக்குப் போய் அந்தச் செயலிக்கான காண்டாக்ட்ஸ் அனுமதியையும் விலக்குங்கள். பிறருக்கு உங்கள் கணக்கைப் பரிந்துரைக்கும் வசதியை அணையுங்கள். கணினியில் இன்ஸ்டாகிராமைத் திறந்து புரொஃபைலைத் திருத்தும் பக்கத்துக்குப் போனால் அது இருக்கும். சொந்தக் கணக்கையும் புனைபெயர்க் கணக்கையும் ஒரே அக்கவுண்ட்ஸ் சென்டரில் (பல கணக்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் இடம்) இணைக்காதீர்கள். சொந்தக் கணக்கிலிருந்து உங்கள் கவிதைக்கு லைக் போடவும் வேண்டாம்.

படங்களில் கவனம் தேவை. லிங்க்ட்இன் படத்தை வெட்டியோ நிறம் மாற்றியோ போட்டாலும் படத்தேடல் அதன் மூலத்தைக் கண்டுபிடித்துவிட வாய்ப்புண்டு. ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம், மேசைமேல் கிடக்கும் அடையாள அட்டை போன்றவையும் காட்டிக்கொடுக்கும். போன் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடம் பதிவாகியிருக்கலாம். இன்ஸ்டாகிராமில் ஏற்றும்போது அது மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் அதே படத்தை மின்னஞ்சலிலோ, வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாகவோ அனுப்பினால் இடமும் கூடவே போகும். கேமராவின் லொக்கேஷன் அனுமதியை நிறுத்தினால் இனி எடுக்கும் படங்களில் இந்தத் தொல்லை இருக்காது.

ஃபேஸ்புக்கிலும் கவிதை போட எண்ணமிருந்தால், புனைபெயரில் தனிநபர் கணக்கு தொடங்காதீர்கள். அன்றாடம் புழங்கும் பெயரையே அங்கே கேட்கிறார்கள். சந்தேகம் வந்தால் கணக்கை முடக்கி அடையாளச் சான்று கேட்பார்கள். அதற்குப் பதில் ஒரு பேஜ் தொடங்கலாம், அதை நடத்துவது யார் என்று வாசகருக்குத் தெரியாது. ஆனால் பதில் எழுதும் முன் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் படத்தைப் பாருங்கள். தவறான கணக்கிலிருந்து கருத்துப் போட்டு அம்பலமாகிறவர்கள் நிறையப் பேர்.

இவ்வளவு செய்தாலும் உங்கள் நடையை மறைக்க முடியாது. நன்கு பழகியவர் நாலு வரியில் கண்டுகொள்வார். எனவே எந்தப் பெயரில் எழுதினாலும், என்றாவது மேலாளர் படிப்பார் என்ற நினைப்போடு எழுதுங்கள். பழைய கவிதைகளை ஒருமுறை புரட்டுங்கள். அலுவலகத்தில் ஒருவரை அடையாளம் காட்டும் வரி இருந்தால் அதை ஆர்க்கைவுக்கு மாற்றுங்கள். உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, வேண்டும்போது திரும்ப எடுக்கலாம். சோகம், காதல், கோபம் இருக்கும் கவிதைகளை எடுக்காதீர்கள். அவற்றுக்கு நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்படவில்லை.

தெரிந்துகொண்டவர்களிடம் மறுக்கவும் வேண்டாம். மறுத்தால்தான் உண்மையிலேயே ஒரு பொய்யைக் கட்டிக் காக்க வேண்டியிருக்கும். "ஆமாம், நான்தான் எழுதுறேன். ஆனா ஆபீஸ்ல அதப் பத்திப் பேச வேண்டாமே" என்று ஒரே முறை சொல்லுங்கள். அதற்கும் மேல் யாராவது அந்தப் பக்கத்தில் வந்து சீண்டினால் அவரை பிளாக் செய்யுங்கள். முகதாட்சண்யம் பார்க்க வேண்டிய இடமல்ல அது.

எல்லாம் முடிந்ததும் கணக்குகளிலிருந்து வெளியேறி, பிரவுசரின் பிரைவேட் விண்டோவில் உங்கள் சொந்தப் பெயர், புனைபெயர், பயனர் பெயர் மூன்றையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். நீங்கள் மாற்றிய பழைய விவரம் இன்னும் கூகுளில் தெரிந்தால் பதற வேண்டாம், அது தேடுபொறி வைத்திருக்கும் பழைய பிரதி. காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கோரும் படிவம் கூகுளிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தின் முகவரியை அதில் இட்டு அனுப்புங்கள்.